மருதாணி காயும்வரை

மறுபடி வருகிறாள். கதவைத் தள்ளிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தலையில் நரைத்த டோப்பாவோடு மங்கை மறுபடியும் உள்ளே வருகிறாள். தாம்பாளத்தை மூடியிருக்கிற துணியை இரண்டு விரலால் தூக்குகிறாள். உள்ளே ஆப்பிள். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். பிறகு நேராக என்னைப் பார்த்து, "நான் ஒண்ணும் சொல்லல. சொல்லுததுக்கு நான் யாரு?" என்கிறாள். பின்னால் டொய்ங் என்று ஒரு சத்தம் சேர்த்திருக்கிறார்கள். "ஆனா இந்த ஆப்பிளு பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருக்கும் போலுக்கே." சிரிப்புச் சத்தம். முடிந்தது. முடிந்த இடத்திலேயே கதவு மறுபடி திறக்கிறது. ஃபோன் திரையில் விரலால் ஒரு தள்ளு தள்ளினால் போய்விடுவாள். என் பத்து விரலிலும் மருதாணி. உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டைத் தாண்டியும் கொடியும் மயிலும் மாங்காயுமாக ஈரம். நேற்றே என் மகள் தாரணிக்குப் போட்டு முடித்துவிட்ட பார்லர் நஸ்ரின் இன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணோட அம்மா வெறுங்கையோட நின்னா நல்லாவா இருக்கும், நீட்டுங்கக்கா." போட்டுக்கொண்டிருந்தபோது நடுநடுவே அவளே சுண்டுவிரலால் ஃபோனைத் தள்ளிவிட்டாள். ஒரு ஜாக்கெட் கழுத்து, ஒரு கோலம், நாய்க்குட்டியைக் குளிப்பாட்டுகிற ஒருத்தன். கிளம்பும்போது ஃபோனைச் செம்பில் சாய்த்துவைத்து, "அசையாம பாத்துக்கிட்டு இருங்க, நேரம் போறது தெரியாது" என்று கடைசியாக ஒரு தள்ளு தள்ளினாள். மங்கை வந்து நின்றாள். தலை பின்னத் தாரணியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நஸ்ரின் போய்விட்டாள். தாரணி அப்பா மண்டபத்தில். வீட்டில் நான், என் இரண்டு கை, இவள்.

சாயந்திரம் தாரணிக்கு நிச்சயதார்த்தம். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இங்கே கோவில்பட்டிக்கு வேனில் கிளம்பியிருப்பார்கள். வேனில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஃபோனைப் பார்ப்பதைத் தவிர வேறென்ன வேலை? மாப்பிள்ளையின் அம்மா பிரேமா மதினி இந்த வீடியோவைப் பார்த்துவிடக் கூடாது. தாலி ஏறுகிறவரைக்குமாவது பார்க்கக் கூடாது. ஏனென்றால் அந்த ஆப்பிள் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிள். பெண் பார்க்க வந்த அன்று தட்டில் வைத்து வெல்வெட் துணி போட்டு மூடிக்கொண்டு வந்தார்கள். கூடத்தில் எல்லோரும் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது நான் தட்டை அடுப்படிக்குள் கொண்டுபோய்த் துணியைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் கன்னிப்போய்க் கறுத்துக் கிடந்தது. சொன்னேன். கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டுதான் சொன்னேன், மங்கையிடம் மட்டும்தான் சொன்னேன். அவள் அன்றைக்குச் சிரிக்கக்கூட இல்லை. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடி "உம்" என்றாள். அந்த உம்மில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். பிரேமா மதினி சாதாரண ஆள் இல்லை. காப்பியில் சீனி தூக்கலாக இருக்கிறதே என்று பெண்ணின் சித்தி சொன்ன ஒரு வார்த்தைக்காக, ஒரு சம்பந்தத்தையே வேண்டாம் என்று எழுந்து வந்தவள் என்று தரகரே பெருமையாகச் சொன்னார். ஒரு வார்த்தைக்காக. இதில் எத்தனை வார்த்தை இருக்கிறது. அதோ, துணியைத் தூக்குகிறாள்.

மங்கையர்க்கரசி என்று முழுப்பெயர். என் கொழுந்தன் பெண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருக்கிறோம். அவளுடைய சானலுக்கு 'பெரியக்கா வந்தாச்சு' என்று பெயர். என் பெயர் செண்பகவல்லி, அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஊருக்கெல்லாம் அது யாரோ ஒரு பெரியக்கா. எனக்கு மட்டும் தெரியும், அந்த முந்தானைச் செருகல் என்னுடையது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவது என்னுடையது. நரை மட்டும் என்னுடையது இல்லை, நான் சாயம் அடிக்கிறேன். அது அவளுக்கும் தெரியும், தெரிந்தேதான் வெள்ளை டோப்பா வைக்கிறாள். முதல் தடவை பார்த்தபோது ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். இரண்டாம் தடவை, என்னென்ன திருடியிருக்கிறாள் என்று கவனமாகப் பார்த்தேன். மூன்றாம் தடவை கீழே எழுதியிருக்கிறவர்களையெல்லாம் படித்தேன், அத்தனை பேரும் சிரித்து வைத்திருந்தார்கள். 'நீதிக்கு ஒரு குரல்' என்று வேறு பெயரில் கணக்குத் தொடங்கி, பெரியவர்களைக் கேலி செய்பவர் உருப்பட மாட்டார் என்று எழுதினேன். அதற்கு ஒருத்தன் பதில் போட்டான், அவனுக்கு நான் போட்டேன், பொழுது சாய்கிறவரை போனது. பிறகு சொந்தக்காரப் பெண்டுகளையெல்லாம் கூப்பிட்டு, இதைத் திறந்து புகார் கொடுங்கள், எல்லோரும் கொடுத்தால் எடுத்துவிடுவான் என்று சுட்டியை அனுப்பினேன். "கொடுத்துட்டோம் மைனி" என்றார்கள். திறந்தார்கள், முழுசாகப் பார்த்தார்கள், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள், பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசியில் யாராவது புகார் கொடுத்தார்களோ என்னவோ. எண்ணிக்கை மட்டும் ஏறியது. ஆயிரத்தில் இருந்தது லட்சத்துக்குப் போனது. அப்போதுதான் பெங்களூரில் இப்படி வீடியோ காட்டுகிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற என் அண்ணன் மகன் பிரணவைக் கூப்பிட்டேன். "அத்தை, யாரு இதை இவ்வளவு தூக்கிவிட்டதுன்னு நினைக்க? நீதான்" என்றான்.

எதை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்கிற அந்த இயந்திரத்துக்குக் காது கிடையாதாம். திட்டுகிறோமா கொஞ்சுகிறோமா என்று தெரியாதாம். நின்று பார்க்கிறாளா, தள்ளிவிட்டுப் போகிறாளா, அவ்வளவுதான் அதற்குக் கணக்கு. முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டும். அவர்கள் கடைசிவரை இருந்தால் இன்னும் கொஞ்சம் பேருக்கு. அவர்களும் இருந்தால் ஊருக்கு. யார் யார் ஒரு ஊர், யார் யார் ஒருவர் நம்பரை ஒருவர் வைத்திருக்கிறார்கள், அதெல்லாம் அதற்குத் தெரியும். "வையணும்னா வெளியில போய் வை அத்தை. அதுமேல நின்னுக்கிட்டு வையாத" என்றான். படித்த பையன், கண்டுபிடித்தது போலச் சொன்னான். தாரணி அப்பா முப்பது வருஷமாக ஜவுளிக்கடையில் இதைத்தானே செய்கிறார். புதுப் பையன்களுக்கு அவர் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்று. 'பொம்பளை வாயைப் பாக்காதல, கையைப் பாரு.' கரை நல்லாயில்லை, இந்த நிறம் கிழவிக்குத்தான் ஆகும், துவைத்தால் சாயம் போகும் என்று வாய் சொல்லிக்கொண்டே இருக்குமாம். கை அதே சேலையின் கரையை நெருடிக்கொண்டே இருக்குமாம். எதைத் திட்டுகிறாளோ அதைத்தான் கடைசியில் எடுப்பாள், மற்றதையெல்லாம் மடித்து உள்ளே வை என்பார். என்னையும் அப்படித்தான் பெண் பார்த்தாராம், நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு காலால் தரையைத் தேய்த்தேனாம். வீட்டில் சொல்லிச் சிரிப்பார். அப்போது சிரித்தேன். இப்போது ஒரு கண்ணாடிச் சில்லு என் எதிரில் நின்றுகொண்டு கையைப் பார்க்கிறது, கை அசையவில்லை, அப்படியானால் இவளுக்குப் பிடித்திருக்கிறது, இன்னும் நாலு உறவுக்காரிக்குக் காட்டு என்று மடித்ததைப் பிரித்துப் போடுகிறது. நான் முகத்தைத் திருப்பினாலும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியாது. எழுந்து அடுப்படிக்குப் போனால், நான் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றே நினைத்துக்கொள்ளும். பக்கவாட்டுப் பட்டனை அமுக்கி அணைக்கலாம் என்றால், தாரணி வாங்கிப் போட்ட தடிக் கவருக்குள் அது புதைந்து கிடக்கிறது, நகம் வைத்தால்தான் அமுங்கும். பக்கத்து வீட்டு விசாலத்தைச் சத்தம் போட்டுக் கூப்பிடலாம். வருவாள். வந்து பார்ப்பாள். விசாலத்துக்கு மட்டும் ஃபோன் இல்லையா என்ன.

மருதாணியில் கலந்த தைலம் மூக்கில் ஏறுகிறது. காய்ந்து உதிரக் கூடாதென்று நஸ்ரின் எலுமிச்சையும் சீனியும் கரைத்துப் பஞ்சால் ஒற்றிவிட்டுப் போனாள், சீனிக்கு ஓர் எறும்பு வந்து மணிக்கட்டில் மயிலின் கழுத்து வழியாக ஏறுகிறது. மின்விசிறி வேண்டாம், மெதுவாகக் காய்ந்தால்தான் சிவக்கும் என்று அதையும் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாள். கழுத்து வேர்க்கிறது. "பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருக்கும் போலுக்கே." இழுப்புகூட அப்படியே. போலுக்கே என்று கடைசியில் தூக்குகிறாள், நான் அப்படியா தூக்குகிறேன்? அப்படித்தான் தூக்குகிறேன். எனக்கு இவள் சொல்லித்தான் தெரிகிறது. வீடியோ எடுக்கலாம் என்று முதலில் சொன்னதே நான்தான், அதை யாரிடம் போய்ச் சொல்வது? சொதி வைப்பதை எடுத்தோம். அடுப்பு மேடையைத் துடைத்து, பட்டுச் சேலை கட்டி, தேங்காய்ப்பாலை முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து, நான் நின்று நிதானமாகச் சொன்னேன். மங்கை ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. போட்டோம். யாரும் நிற்கவில்லை. நான் பார்த்ததைக் கழித்தால் எண்ணிக்கையில் ஒன்றுமே மிஞ்சாது. புளியோதரை போட்டோம், பருப்புப்பொடி போட்டோம், அப்படியே. ஒருநாள் நான் குளிக்கப் போயிருந்தபோது மங்கை விளையாட்டுக்கு என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நான் ஒண்ணும் சொல்லல" என்று சாம்பார் வாளியை எட்டிப் பார்க்கிற மாதிரி எடுத்துப் போட்டுவிட்டாள். தலை துவட்டி வெளியே வருவதற்குள் ஊர் பார்த்திருந்தது. நான் நானாக நின்றபோது தள்ளிவிட்டுப் போன அதே ஜனம், அவள் நானாக நின்றபோது கடைசிவரை நின்றது. அந்த இயந்திரம் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்து, செண்பகவல்லி வேண்டாம், செண்பகவல்லி மாதிரி ஒருத்தி போதும் என்று எடுத்துக்கொண்டது. மங்கையைக்கூட மன்னிக்கலாம் என்று சில நேரம் தோன்றும், பல்லைக் கடித்துக்கொண்டாவது. அந்த இயந்திரத்தை மன்னிக்க முடியாது. அதற்கு முகம் இருந்தால் இந்தக் கையாலேயே ஒன்று வைப்பேன், மருதாணி போனால் போகட்டும்.

இன்றைக்கு அவள் வரமாட்டாள். அதை மட்டும் சரியாகச் செய்திருக்கிறேன். நிச்சயத்துக்கு அழைக்கிறதென்றால் குங்குமச் சிமிழோடு நான் மாடி ஏறிப்போய், அவள் நெற்றியில் வைத்து, வாம்மா என்று சொல்ல வேண்டும். நான் ஏறவில்லை. தாரணி அப்பாவை மட்டும் அனுப்பி, தம்பியிடம் சொல்லிவிட்டு வரச் சொன்னேன். குங்குமம் வராத அழைப்புக்கு எந்தப் பெண்பிள்ளையும் வரமாட்டாள், வந்தால் அவளுக்குத்தான் கேவலம். படியில் எதிரே வந்தபோதுகூட, "அக்கா, மண்டபத்துல ஏசி போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள், ஏதோ வரப்போகிறவள் மாதிரி. "வாரவங்களுக்குப் போட்டிருக்கு" என்றேன். சிரித்தாள். அதையும் எடுத்து வைத்துக்கொண்டிருப்பாள். அடுத்த வாரம் டோப்பாவோடு படியில் நிற்பாள். பெண் பார்க்க வந்த அன்றும் அவளைக் கூடத்துக்கு வரவிடவில்லை நான், பஜ்ஜி கருகிவிடும், நீ இங்கேயே நில் என்று அடுப்படியிலேயே நிறுத்தினேன். பிரேமா மதினிக்கு மங்கை முகமே தெரியாது. தெரியாததுதான் இப்போது எனக்கு ஒரே காப்பு. ஆனால் முகம் எதற்கு? ஆப்பிள் போதாதா? தட்டு, துணி, ஆப்பிள், கன்னிய பக்கம். நல்லவேளை, அவள் வீடியோவில் துணி பச்சை. அவர்கள் கொண்டுவந்தது மெரூன். மெரூனா? மெரூன்தான். எறும்பு முழங்கைக்குப் போய்விட்டது.

முழங்கை. முழங்கையில் மருதாணி இல்லை. இத்தனை நேரம் ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. இரண்டு கையையும் பூசாரி மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு முட்டிபோட்டு, முழங்கையை ஃபோன் திரையில் வைத்து மேலே இழுத்தேன். ஃபோன் செம்போடு சேர்ந்து பின்னால் நகர்ந்தது. மங்கை போகவில்லை. மறுபடி இழுத்தேன், செம்பு ஆடி நின்றது. உடைந்தால் மண்டபத்திலிருந்து யாரும் கூப்பிட முடியாது. குனிந்தேன். மோவாயால் தள்ளலாம். ஒரு தடவை அழுத்தினேன், மங்கை ஆப்பிளைத் தூக்கிய நிலையில் அப்படியே நின்றாள், அது இன்னும் மோசம், மூக்குக்கு நேராக அவள் கண். மறுபடி ஓடட்டும் என்று டக்டக்கென்று இரண்டு தட்டுத் தட்டினேன். திரை முழுக்க ஒரு சிவப்பு ஹார்ட் பூத்துப் பெரிதாகி மறைந்தது. ஓரத்தில் இருந்த சின்ன ஹார்ட்டும் சிவந்து நின்றது. நீதிக்கு ஒரு குரலில் இல்லை. என் சொந்தக் கணக்கில். தாரணியும் நானும் கன்னத்தோடு கன்னம் வைத்து நிற்கிற படம் போட்டிருக்கிற கணக்கில். ஹார்ட் போட்டா நம்ம மூஞ்சியோடயே தெரிஞ்சவங்களுக்குப் போகும் அத்தை, இப்ப புதுசா அப்படி விட்டிருக்காங்க என்று பிரணவ் சொன்னது அப்போதுதான், அந்த நொடியில்தான், காதில் விழுந்தது. சின்ன ஹார்ட்டை மூக்கு நுனியால் தொட்டு எடுக்கப் பார்த்தேன். மூக்கு அதற்குப் பெரியது. கீழே எழுதியிருப்பவர்கள் எல்லாம் திறந்துகொண்டார்கள். அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்துதான் இருந்தேன். பிறகு மேலே ஒரு பட்டை இறங்கியது. பிரேமா மதினி ஸ்ரீவை. குரல் செய்தி. பட்டை மேலே ஏறி ஒளிந்துகொண்டது. நான் நீட்டிய கையை நானே பார்த்தேன், சுண்டுவிரல் மாங்காயில் ஒரு கீறல்.

கேட்க முடியாது. என்ன சொல்லியிருப்பாள்? வேனைத் திருப்பச் சொல்லிவிட்டோம் மதினி. இல்லை, அவள் மதினி என்று ஆரம்பிக்க மாட்டாள், நேராகச் சொல்வாள். ஆப்பிள் கன்னியிருந்தால் வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே. மண்டபத்தில் தாரணி அப்பா வாழைமரம் கட்டிக்கொண்டிருப்பார். எல்லாம் அந்த மூதேவியால். இல்லை, முட்டாள் மோவாயால். ஒரு ஆப்பிள். அதைத் தின்றது யார் தெரியுமா, நான்தான், கன்னிய இடத்தை நறுக்கிப் போட்டுவிட்டு மறுநாள் தின்றேன், தேனாக இருந்தது, அதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் ஸ்கூட்டர் சத்தம். தாரணி தலை நிறைய ஊசியும் பூவுமாக உள்ளே வந்து, "என்னம்மா, முட்டிபோட்டு உக்காந்திருக்க? ஐய, இதையா பாத்துக்கிட்டு இருக்க?" என்றாள். "பிரேமா மதினி என்னமோ அனுப்பியிருக்கா, போடு." "மொதல்ல மூஞ்சியத் துடைக்கட்டா? மூக்கு நுனியெல்லாம் மருதாணி." "போடுட்டி." போட்டாள். வேன் சத்தம், யாரோ ஒரு பிள்ளை கத்துகிற சத்தம், நடுவில் மதினி. "மதினி, கிளம்பிட்டோம். நீங்க ஹார்ட் போட்டிருக்கியன்னு இந்தப் பொம்பளையக் காட்டுச்சு, சரி நம்ம மதினி பாத்ததாச்சேன்னு பாத்தேன். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கி. எங்க பெரிய நாத்தனா அச்சு அசல் இதேதான். முன்சீட்டுல உக்காந்திருக்கா, அவளுக்குத் தெரியாம எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கோம். இவ கோவில்பட்டிக்காரியாமே? உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா சாயந்தரம் வரச் சொல்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிடணும்."

மூச்சு வந்தது. தெரியவில்லை, அவளுக்குத் தெரியவில்லை, அது நான் இல்லை, அவள் நாத்தனார். ஸ்ரீவைகுண்டத்தில் ஒருத்தி இருக்கிறாள், தென்காசியில் ஒருத்தி இருப்பாள், வேனுக்கு ஒருத்தி இருப்பாள் போலிருக்கிறது. அப்படியானால் மங்கை என்னிடமிருந்து எதைத் திருடினாள்? இதற்குச் சந்தோஷப்படத்தான் வேண்டும், பட்டேன். போட்டோவாம். மங்கையோடு போட்டோவாம். என் மகள் நிச்சயத்தில். தாரணி ஃபோனை என் வாய்க்கு நேரே பிடித்துப் பொத்தானைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, சொல்லு என்று புருவத்தைத் தூக்கினாள். "மதினி, பாத்து வாங்க, இங்க எல்லாம் ரெடி" என்றேன். நன்றாகத்தான் வந்தது. "அந்தப் பொம்பளைய எனக்குத் தெரியாது." அங்கே நிறுத்தியிருக்கலாம். தாரணி நிறுத்தத்தான் பார்த்தாள். சின்ன மைக் படம் துடித்துக்கொண்டிருந்தது, அது நின்று கேட்கிறது, என்னை இதுவரை யாரும் அப்படி நின்று கேட்டதில்லை. "நான் ஒண்ணும் சொல்லல மதினி, சொல்லுததுக்கு நான் யாரு? ஆனா அடுத்த வீட்டு அடுப்படியில பேசுனத எடுத்து ஊருக்கு வச்சுப் பொழைக்கணும்னு அவளுக்கு என்ன தலையெழுத்தோ, நல்ல குடும்பத்துல பொறந்தவ செய்வாளா, இது ஒரு பொழப்பு போலுக்கே." கேட்டது. கடைசியில் தூக்கியது எனக்கே கேட்டது. தாரணி கண் விரிந்தது. "அம்மா" என்றாள், பெருவிரலை எடுத்தாள். விர்ரென்று போய்விட்டது. "அழிட்டி, அழி." "கேட்டுட்டாங்கம்மா. நீல டிக்கு வந்திருச்சு."

பதில் வர நேரம் ஆகவில்லை. தாரணி போடவா என்று கேட்கவில்லை, போட்டாள். முதலில் வேன் சத்தம். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆண் குரல், "அதேதாம்மா, அப்படியே இருக்கு, இன்னொரு தடவை போடு" என்றது. பிறகு சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. "மதினி" என்றாள் பிரேமா. "அந்த ஆப்பிளு நாங்க கொண்டாந்ததா?"

தாரணி அந்தச் செய்தியை மூடினாள். அதற்குப் பின்னால் திரையில் மங்கை நின்றுகொண்டிருந்தாள், துணியை இரண்டு விரலால் தூக்கியபடி, தள்ளுவேனா என்று பார்த்துக்கொண்டு. கை இன்னும் காயவில்லை.